கஜா புயல் பற்றிக் கூத்து போட ஆள் தேவை (முத்துப்பேட்டை பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா கரையேறியபோது எங்கள் தோப்பில் தென்னை முக்கால்வாசி சாய்ந்துவிட்டது, குளத்தங்கரைப் பனைகள் மட்டும் அப்படியே நின்றன. இப்போது ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு அதெல்லாம் வெறும் கதை.

போன வருடம் பருவநிலை மாற்றம் பற்றிப் புரொஜெக்டர் வைத்து ஒரு கூட்டம் போட்டோம். கரியமில வாயு என்று ஆரம்பித்ததுமே பெருசுகள் டீக்கடைக்கு நழுவிவிட்டார்கள். அதே ஆட்களிடம் புயல் ராத்திரியைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுகிறார்கள்! அப்புறம்தான் உறைத்தது, அந்தப் பேச்சையே கூத்தாக்கிப் பிள்ளைகளை ஆடவைத்தால் என்ன என்று. கடல் சூடேறினால் புயலுக்கு ஏன் பலம் கூடுகிறது, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு அலையின் வேகத்தை எப்படிக் குறைக்கிறது என்பதெல்லாம் கூத்தில் கதை சொல்லிச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் வாயால் வந்தால் ஊரே உட்கார்ந்து கேட்கும்.

ஒரு மணி நேரக் கூத்து, மறுநாள் காலையில் குளக்கரையில் பனைவிதை ஊன்றுவது. இவ்வளவுதான் திட்டம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஊன்றிவிட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம்.

பிள்ளைகளுக்குப் பொறுமையாக அடவு சொல்லித்தரும் கூத்து வாத்தியார் வேண்டும், மிருதங்கம் வாசிக்க ஒருவர் கிடைத்தால் ரொம்ப நல்லது. வசனத்தில் அறிவியல் தப்பாகப் போகாமல் படித்துப் பார்க்கவும் ஒருவர் தேவை, அதை வீட்டிலிருந்தே செய்யலாம். பனங்கொட்டை ஆவணி, புரட்டாசியில் எங்கே மொத்தமாகக் கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். வண்டிச்செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு, சம்பளம் என்று பெரிதாகத் தர வசதியில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலையாத்திக் கன்று நட வனத்துறையிடம் அனுமதி வாங்கிய அனுபவம் இருப்பவர்களும் பேசுங்கள்.