1977 கியாலாமி பந்தயம்: டாம் பிரைஸ் இறந்ததை நேரில் கண்டவர்கள் உண்டா?

லெனேசியாவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1977 மார்ச் 5 அன்று கியாலாமியில் நடந்த தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரீ என்ற பார்முலா ஒன் கார் பந்தயத்துக்கு என் தாய்மாமா என்னை அழைத்துச் சென்றார். அப்போது நான் தொடக்கப் பள்ளி மாணவன். நீண்ட நேர்ப்பாதை முடிகிற கிரவ்தோர்ன் வளைவின் அருகே நின்றிருந்தோம். ஜோடி ஷெக்டர் நம் நாட்டுக்காரர் என்பதால் கூட்டம் முழுவதும் அவருடைய வுல்ஃப் காரையே எதிர்பார்த்திருந்தது. 22ஆவது சுற்றில், டாம் பிரைஸ் ஓட்டிய ஷேடோ கார் வேகம் குறையாமல் தடுப்பு வேலியை உரசிக்கொண்டு வந்து, ழாக் லஃபீட்டின் லிஜியே கார் மீது மோதியது. பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் எங்களைச் சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். பிரைஸ் அதற்கு வெகு தூரம் முன்பே, நேர்ப்பாதையின் மேட்டுப் பக்கத்திலேயே உயிரிழந்திருந்தார் என்பது வீடு திரும்பிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

தீயணைப்பானுடன் தடத்தின் குறுக்கே ஓடிய இளைஞனின் மடத்தனத்தால் ஒரு நல்ல ஓட்டுநர் போய்விட்டார் என்றே மாமா கடைசிவரை சொல்லிவந்தார். அந்தத் தீர்ப்பு என் மனத்தில் இன்றுவரை ஒட்டவில்லை. அன்று அங்கே இருந்தவர்களும் பந்தயப் பணி அறிந்தவர்களும் விளக்க வேண்டுகிறேன்.

லோடியம் அண்ணன் எழுதியது:

தம்பி, கார்களைப் பழுதுபார்க்கும் பிட் பகுதியைத் தாண்டிய நேர்ப்பாதையில் நான் இருந்தேன். அதே ஷேடோ அணியின் இன்னொரு ஓட்டுநரான ரென்ட்சோ சோர்சி, காரில் கோளாறு ஏற்பட்டதால் இடப்புறம் ஒதுக்கி நிறுத்தினார். கசிந்த எரிபொருள் பற்றிக்கொண்டது. எதிர்ப்புறத்து பிட் சுவரிலிருந்து இரண்டு மார்ஷல்கள், அதாவது தடப் பணியாளர்கள், ஓடினார்கள். முதலாமவர் மயிரிழையில் தப்பினார். இரண்டாமவர்தான் ஃபிரெடெரிக் யான்சன் வான் ஃபியூரன், வயது 19. அந்த இடத்தில் பாதை மேடேறி இறங்குவதால், ஓடியவர்களுக்குக் கார்களும் தெரியவில்லை, ஓட்டுநர்களுக்கு அவர்களும் தெரியவில்லை. முன்னால் வந்த ஹான்ஸ் ஸ்டக் கடைசி நொடியில் காரைத் திருப்பித் தப்பித்தார். அவர் காரின் பின்னாலேயே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் வந்த பிரைஸுக்கு எதிரே இருப்பதைக் காணவே வழியில்லை. இளைஞனும் அந்த இடத்திலேயே இறந்தான், அவன் கையிலிருந்த தீயணைப்பான் தலையில் தாக்கியதால் பிரைஸும் இறந்தார். இதற்குமேல் விவரிக்க எனக்கு மனமில்லை.

சாட்ஸ்வர்த் எழுதியது:

நேட்டாலில் சில ஆண்டுகள் தடப் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உத்தரவு இல்லாமல் ஓடும் தடத்தைக் கடப்பது தவறு. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தவறு எந்தக் காலச் சூழலில் நிகழ்ந்தது என்பதையும் உங்கள் மாமா எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். 1973 ஜூலையில் ஹாலந்தின் சாண்ட்வோர்ட் தடத்தில் ராஜர் வில்லியம்சன் கவிழ்ந்த காருக்குள் எரிந்துகொண்டிருந்தபோது, டேவிட் பர்லி என்ற சக ஓட்டுநர் தனியொருவராகக் காரைப் புரட்டப் போராடினார். தடப் பணியாளர்களோ அருகில் நின்றும் உதவவில்லை. அந்தக் காட்சியைக் கண்டு உலகமே பதறியது. அதே ஆண்டு மார்ச்சில், நம் கியாலாமியிலேயே, மைக் ஹெயில்வுட் தீப்பற்றிய காரிலிருந்து சக ஓட்டுநர் கிளே ரெகட்சோனியை இழுத்துக் காப்பாற்றினார். பிரிட்டன் அவருக்கு வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் அளித்தது. தீயைக் கண்டால் ஓடிப்போய் உதவுபவனே மனிதன் என்று பந்தய உலகம் முழுவதும் போற்றிக்கொண்டிருந்த நாட்களில், பத்தொன்பது வயதுப் பிள்ளை கனமான தீயணைப்பானைச் சுமந்து ஓடியதை மடத்தனம் என்று சொல்ல என்னால் இயலாது. அந்த மேட்டுக்கு அப்பால் என்ன வருகிறது என்று அவனுக்குச் சொல்லும் ஏற்பாட்டைச் செய்யாதவர்கள்மீதே என் கோபம். விபத்து நேரத்தில் முன்னே சென்று மற்றக் கார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்புக் கார்கூட பார்முலா ஒன்னில் நிலையான நடைமுறையானது 1993இல்தான்.

மாரிட்ஸ்பர்க் வாசகி எழுதியது:

சாட்ஸ்வர்த் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பிரைஸ் எப்படி இறந்தார் என்பதே நிற்கிறது, அவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. வேல்ஸ் நாட்டின் ரூதின் ஊரில் 1949இல் பிறந்தவர். ஐந்து கறுப்புக் கோடுகள் இட்ட அவருடைய வெள்ளை ஹெல்மெட்டைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். 1975இல் பிராண்ட்ஸ் ஹட்ச் தடத்தில் சாம்பியன் பட்டக் கணக்கில் சேராத ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ் பந்தயத்தை வென்றார். அதே ஆண்டு சில்வர்ஸ்டோனில் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். கியாலாமியிலும் அந்த வாரம் மழையில் நடந்த பயிற்சியில் எல்லோரையும்விட வேகமாக ஓட்டியவர் அவர்தான். பந்தயத் தொடக்கத்தில் பின்தங்கி, ஒவ்வொருவராகக் கடந்து முன்னேறிக்கொண்டிருந்த வேளையில்தான் அது நேர்ந்தது. ஷேடோ அணி அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1974 மார்ச்சில், இதே கியாலாமியில் சோதனை ஓட்டத்தின்போது பீட்டர் ரெவ்சனையும் இழந்திருந்தது.

லெனேசியாவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. சாண்ட்வோர்ட் நிகழ்ச்சியையும் ஹெயில்வுட்டின் செயலையும் இந்த விபத்தோடு சேர்த்து நான் எண்ணிப் பார்த்ததில்லை. இன்னும் ஒன்று: இரண்டு பேர் இறந்த பிறகும் பந்தயம் ஏன் நிறுத்தப்படவில்லை?

லோடியம் அண்ணன் எழுதியது:

தடம் அடைபடாதவரை ஓட்டத்தைத் தொடர்வதே அந்நாளைய வழக்கம், தம்பி. 78 சுற்றுகளும் ஓடின. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த தீ விபத்தில் சாவின் விளிம்புவரை சென்ற நிக்கி லவுடா, அதன் பிறகு வென்ற முதல் பந்தயம் அது. ஷெக்டர் இரண்டாவதாக வந்தார். பிரைஸின் காரிலிருந்து பெயர்ந்த ஓர் உலோகத் துண்டு லவுடாவின் ஃபெராரியின் அடியில் சிக்கியிருந்தது. எண்ணெய் அழுத்தம் குறைந்துகொண்டே வந்த காரை அவர் எப்படியோ கோட்டுவரை கொண்டுசேர்த்தார். பிரைஸ் இறந்த செய்தி பந்தயம் முடிந்த பிறகே அவரிடம் சொல்லப்பட்டது. வென்றவருக்கே அதுவரை தெரியாதபோது, வளைவோரம் நின்ற உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?