கர்வ் பாலை நிறுத்தினால் முழங்கை வலி போய்விடுமா?

சாட்ஸ்வர்த் அப்பா:
மகனுக்கு 12 வயது, பேஸ்பாலில் பிட்சர், அதாவது பேட்டருக்குப் பந்து எறிபவன். கொஞ்ச நாளாக முழங்கையின் உள்பக்க எலும்பைத் தொட்டாலே கையை உதறுகிறான். திருகிப் போடும் கர்வ் பாலை நிறுத்தினால் போதும் என்கிறார் கோச். போதுமா?

டர்பன் வேகம்:
கோச் சொல்வது சரி. திருகிப் போடும் பந்துதான் முழங்கையைத் தின்னும். நாங்கள் நாள் முழுக்க பௌலிங் போட்டவர்கள், எவனுக்கும் முழங்கை போகவில்லை.

பிசியோ அக்கா:
அண்ணே, பௌலிங் வேறு, பிட்சிங் வேறு. பௌலிங்கில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் ஐசிசி விடாது. 2006-ல் அதற்காகவே தடை வாங்கி நம்ம தென்னாப்பிரிக்க ஸ்பின்னர் யோஹான் போத்தா பட்ட பாடு தெரியும்தானே. வேகப்பந்துக்காரர்களுக்கு முழங்கையைவிட அடிமுதுகுதான் முதலில் அடிவாங்கும். பிட்சிங்கில் முழங்கை ஏறக்குறைய 90 டிகிரி மடங்கியிருக்கும். உடம்பு முன்னால் திரும்பிவிடும், முன்கை மட்டும் பின்னால் மல்லாந்து கிடக்கும். அந்தக் கணத்தில் முழங்கையின் உள்பக்க லிகமெண்ட், அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார், இழுபடுகிறது. அடுத்து தோள் சுழலும் வேகம், தொழில்முறை பிட்சருக்கு விநாடிக்குச் சுமார் 7000 டிகிரி! பெரியவர்களுக்கு லிகமெண்ட் கிழியும். 1974-ல் அமெரிக்க பிட்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் ஆபரேஷன் செய்தது அதற்குத்தான். இந்த வயதில் லிகமெண்டைவிட, அது ஒட்டியிருக்கும் வளரும் எலும்புதான் பலவீனம்.

டர்பன் வேகம்:
சரி தங்கச்சி, அப்போ திருகல் ஒன்றுமே செய்யாதா?

பிசியோ அக்கா:
ஆய்வுக்கூடத்தில் அளந்தால், முழங்கைச் சுமை கர்வ் பாலைவிட ஃபாஸ்ட் பாலில் குறைவதில்லை. எத்தனை பந்து, எவ்வளவு ஓய்வு என்பதுதான் பெரிய விஷயம். அமெரிக்காவின் பிட்ச் ஸ்மார்ட் என்ற இளம் பிட்சர்களுக்கான வழிகாட்டிக் கணக்கில் 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து, அதோடு சரி. 66-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு.

டர்பன் வேகம்:
ஆய்வுக்கூடத்தில் களைக்காத கையை அளக்கிறார்கள். கடைசி இன்னிங்ஸில் களைத்த பையனைக் கர்வ் பால் போடச் சொல்லிப் பார், தோள் இறங்கிவிடும், மணிக்கட்டாலேயே இழுப்பான். மீசை முளைக்கும் வரை வேண்டாம் என்பேன்.

பிசியோ அக்கா:
களைத்த கைக்கு ஃபாஸ்ட் பாலும் அதே கதைதான். கர்வ் பாலைத் தடுத்துவிட்டு 100 பந்து போடவிடுகிறார்களே, எனக்கு அதுதான் எரிச்சல்.

சாட்ஸ்வர்த் அப்பா:
பிட்சிங் முடிந்தால் பந்தைப் பிடித்துத் திருப்பி எறியும் கேட்சராக நிற்கிறான். பள்ளியில் கிரிக்கெட்டும் உண்டு. அதையெல்லாம் யாரும் எண்ணுவதில்லை.

பிசியோ அக்கா:
போச்சு! அதுவும் அதே கைதானே? எறிவதை இன்றே நிறுத்துங்கள். எலும்பு டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள்.

டர்பன் வேகம்:
இதில் நானும் அக்கா கட்சி. கர்வ் பால் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

சாட்ஸ்வர்த் அப்பா:
சனிக்கிழமை மேட்ச் இருக்கிறதே?

பிசியோ அக்கா:
ஸ்கோர் எழுதட்டும்.