துணியில் ஏறிய சிவப்பு: வேலூர் வெயிலில் காருக்கு மெழுகிட்ட அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

என் சித்தப்பா 1980-களில் காட்பாடி ரயில் நிலையத்தில் வாடகைக்கு அம்பாசடர் ஓட்டியவர். பொங்கலுக்கு முன்பு ஒருமுறையும் ஆயுத பூசைக்கு முன்பு ஒருமுறையும், பழைய வேட்டியைக் கிழித்து, தகர டப்பாவிலிருந்து காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையை எடுத்து அவர் வண்டி முழுவதையும் தேய்ப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். துணியில் கறுப்பு ஏறும். கறுப்பு ஏற ஏற வண்டி மின்னும். “அழுக்குப் போகுது பாரு” என்பார். அது அழுக்கு அன்று, பெயிண்ட்தான் என்று எனக்குத் தெரியவர முப்பது ஆண்டுகளும் ஒரு பானெட்டும் செலவாயின.

2017-இல் நான் வாங்கிய கார் சிவப்பு. நான்காவது கோடையில் அதன் பானெட்டும் கூரையும் மங்கத் தொடங்கின. மாலை வெயில் சாய்வாக விழும்போது சிலந்தி வலை படர்ந்ததுபோல வட்ட வட்டமான நுண்கீறல்கள் தெரிந்தன. ஒரு கடையில் ‘பாலிஷ்’ என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வந்தேன். டப்பாவின் மேல் ரப்பிங் காம்பவுண்ட் என்று எழுதித்தான் இருந்தது. படிக்காதது என் பிழை. சித்தப்பாவைப்போல் கையால் தேய்க்கவும் சோம்பல்பட்டு, டிரில் மெஷினின் முனையில் கம்பளி வட்டைப் பொருத்திப் பானெட்டின் நடுப்பகுதியில் கால் மணி நேரம் ஓட்டினேன். நன்றாகவே மின்னியது. அந்த உற்சாகத்தில், ஹெட்லைட்டுக்கு மேலே தகடு மடியும் விளிம்புக்கு வட்டைக் கொண்டுபோனபோது வெள்ளைக் கம்பளி இளஞ்சிவப்பாயிற்று. நிறுத்தித் துடைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் நீளத்துக்கு, பளபளப்பு அறவே இல்லாமல், செங்கல்லைப்போல் ஒளியை விழுங்கும் சிவப்பு.

அம்பாசடர் காலத்துப் பூச்சில் நிறமும் பளபளப்பும் ஒன்றே. வெயிலில் வெளுத்த மேல்தோலைத் தேய்த்து எடுத்தால் அடியிலிருந்து புது நிறம் வரும், சித்தப்பாவும் தாராளமாகத் தேய்க்கலாம். இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் வருகின்றன. எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான், அதாவது நம் தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பூச்சு மெலிந்திருப்பதோடு, சுழலும் வட்டின் அழுத்தமும் அங்கே குறுகிய இடத்தில் குவிகிறது. காம்பவுண்ட் அறுத்து எடுக்கும் பொருள், மெழுகு மேலே படியும் பொருள். நேர்மாறான இவ்விரண்டையும் ‘பாலிஷ்’ என்ற ஒரே சொல்லால் நாம் கேட்டு வாங்குகிறோம்.

டிங்கரிங் பட்டறையில் காட்டியபோது, பானெட் முழுவதற்கும் மறுபூச்சு கொடுத்தால்தான் நிறம் சேரும் என்றார்கள். நான் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, அந்த வட்டக் கீறல்கள் முதலில் எங்கிருந்து வந்தன என்று யோசித்தேன். விடை வெட்கப்படும் அளவுக்கு எளியது. தினமும் காலையில் அலுவலகத்துக்குப் புறப்படும்முன் கொடியில் கிடந்த பனியன் துணியால் காரை உலர்வாகத் துடைத்தவன் நானே. எங்கள் ஊரைச் சுற்றியிருப்பவை பாறை மலைகள். கல்குவாரியும் ஜல்லி அரைக்கும் கிரஷரும் நெடுஞ்சாலை லாரிகளும் சேர்ந்து எழுப்பும் தூசியில் கருங்கல்லின் பொடி கலந்திருக்கிறது. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7. சாதாரணக் கத்தி அலகையே அது கீறிவிடும். கிளியர் கோட் எம்மாத்திரம்? நான்கு ஆண்டுகள் நாள் தவறாமல் உப்புத்தாள் போட்டுவிட்டு, வெயிலின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

இரண்டாவது குற்றவாளி எங்கள் போர்வெல். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும், பாக்கெட் அளவிலான டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தபோது 1,350 காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்கதாகச் சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. இந்தத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், ஒவ்வொரு துளியும் தன் அளவுக்கு ஒரு வெள்ளை வளையத்தை விட்டுவிட்டுப் போகும். மெழுகிட்ட காரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பெருமையாகப் பார்க்கிறோம். நம் ஊர்த் தண்ணீரில் அந்த முத்துகள் உலரும்வரை விட்டால் அத்தனையும் வளையங்களாகும்.

ஆகவே இப்போது என் முறை இது. காவிரிக் குடிநீரைக் காருக்கு ஊற்ற மனம் வராது. போர்வெல் தண்ணீரிலேயே கழுவுகிறேன். ஆனால் கடைசி அலசலுக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரை வாளியில் பிடித்து வைக்கிறேன். எங்கள் படுக்கையறை ஏ.சி. ஓரிரவில் அரை வாளிக்கு மேல் தருகிறது. காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது ஆகையால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. மழைக்காலத்தில் மொட்டை மாடித் தண்ணீர் கிடைக்கும். முதல் மழையை மட்டும் விட்டுவிட வேண்டும். சோப்பு நீருக்கு ஒரு வாளி, கார் கழுவும் கையுறையை அலச இன்னொரு வாளி. கூரையில் தொடங்கிக் கீழே வருவேன். சக்கரத்தருகே தொட்ட துணி மீண்டும் மேலே போகாது. பாத்திரம் விளக்கும் திரவம் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும் என்பதால் கார் ஷாம்புதான்.

ஈரத்தை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தபின், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விரலை விட்டுப் பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம், பைக்குள்ளிருக்கும் விரலுக்கு ரவைபோல் நெருடும். கழுவினாலும் போகாமல் ஒட்டியிருக்கும் துகள்கள் அவை. அவற்றுக்குக் கிளே பார் என்ற களிக்கட்டி உண்டு. ஷாம்பு நீரைத் தெளித்து, அழுத்தாமல், முன்னும் பின்னுமாக நழுவவிட வேண்டும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் எவ்வளவு புதிதாயினும் குப்பைக்குத்தான். கழுவி எடுத்து ஒருமுறை பயன்படுத்திப் பார்த்து, இரண்டு நீளக் கீறல்களை வாங்கிக்கொண்டவன் சொல்கிறேன்.

மெழுகிடும் வேலை, இத்தனைக்கும் பிறகு, சின்ன வேலை. மே மாதத்தில் 42 டிகிரியைத் தொடும் ஊரில் அதை விடியற்காலை ஐந்தரைக்கும் ஏழரைக்கும் இடையில் முடித்துவிட வேண்டும். தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்; சூடேறிய தகட்டில் மெழுகின் கரைப்பான் சட்டென்று ஆவியாகி, திட்டுத் திட்டாக இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு ஏறத்தாழ 82 டிகிரியில்தான் உருகும் என்றாலும், டப்பாவில் வருவது எண்ணெயும் கரைப்பானும் கலந்த கலவை. ஐந்து ரூபாய் நாணய அளவு மெழுகு ஒரு கதவுக்குப் போதும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிதாகப் பூசி, பனி படர்ந்தாற்போல வெளுத்ததும் ஓரிடத்தில் விரலால் இழுத்துப் பார்க்கிறேன். விரல்பட்ட கோடு தெளிவாகத் துலங்கினால் துடைக்கலாம், ஈஷினால் பொறுக்க வேண்டும். பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாக உறைந்துவிடும். முன்னரே டேப் ஒட்டிவிடுவது நல்லது. டப்பாக்கள் சொல்லும் மாதக் கணக்கு நம் வெயிலுக்குப் பொருந்தவில்லை. கோடையில் ஆறு வாரத்துக்கொரு முறையும், மற்றக் காலங்களில் பத்து வாரத்துக்கொரு முறையும் எனக்குத் தேவைப்படுகிறது.

வாணியம்பாடியிலிருந்து:

சத்துவாச்சாரி நண்பரின் 1,350-ஐப் பார்த்துச் சற்றுப் பொறாமைப்பட்டேன். தோல் பதனிடும் தொழிலின் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்ததும், அது உச்ச நீதிமன்றம்வரை சென்று 1996-இல் தீர்ப்பானதும் அனைவரும் அறிந்தவை. தோலைப் பதப்படுத்தும் உப்பு நிலத்தடியில் இறங்கிய எங்கள் தெருவில் மீட்டர் 3,000-ஐத் தாண்டுகிறது. இந்தத் தண்ணீரோடு பழகியதில் நான் கற்றது, வெள்ளைக் கறை இருவகை என்பதே. நல்ல நீரில் நனைத்த துணி பட்டதும் கரைந்துபோவது சாதாரண உப்பு. பட்டும் போகாதது சுண்ணப் படிவு. அதற்குச் சமையலறை வெள்ளை வினிகரைச் சம அளவு நீரில் கலந்து, துணியில் நனைத்து, நிழலில் ஒரு நிமிடம் வைத்து ஒற்றியெடுத்தால் பெரும்பாலும் விடும். பிறகு நன்றாக அலசி, அந்த இடத்துக்கு மட்டும் மீண்டும் மெழுகிட வேண்டும், ஏனெனில் வினிகர் மெழுகையும் பலவீனப்படுத்தும். பித்தளைக் குடத்துக்குப் புளி போடுவதுபோல் காருக்கும் போடலாமே என்று என் மாமியார் யோசனை சொன்னார். அமிலம் என்ற அளவில் அவர் சொன்னது சரியே. புளியின் நாரும் கோதும் மணலும் பெயிண்டைக் கீறிவிடும் என்று சொல்லித் தடுத்தேன்.

காட்பாடியிலிருந்து:

ஆசிரியையான எனக்கு ஏ.சி. நீரைப் பிடிக்கும் பொறுமை கிடையாது. பள்ளி வாசலில் நிற்கும் புங்க மரத்தடியில் வெள்ளைக் காரை நிறுத்துவதால் வரும் தொல்லைகளைத்தான் சொல்ல முடியும். நிழலுக்காக நிறுத்துகிறோம், மாலையில் வந்து பார்த்தால் பிசுபிசுப்பும் காகத்தின் எச்சமும். எச்சத்தைக் காய்ந்தபடியே சுரண்டியதில் நக அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்து, இன்றும் அப்படியே இருக்கிறது. வெயிலில் பூச்சு இளகி விரிகிறது, மாலையில் இறுகும்போது காய்ந்த எச்சத்தின் உருவத்தை அச்செடுத்துக்கொள்கிறது. இப்போது டிக்கியில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் இரண்டு துணிகளும் இருக்கின்றன. நனைத்த துணியை எச்சத்தின் மேல் பத்து நிமிடம் போட்டுவிட்டு, தேய்க்காமல் அள்ளி எடுத்துவிடுகிறேன்.

ஆயுத பூசையின்போது பானெட்டில் இட்ட மஞ்சள், கழுவியபின் மஞ்சளாகவே தங்கிவிட்டது. சலவை சோப்பு போட்டேன், இரத்தம்போல் சிவந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் அமில, காரப் பாடம்தான், ஆனால் என் காரில் நடந்தபோது பதறிவிட்டேன். மூன்று நாள் வெயிலில் நின்றதும் கறை தானாக வெளுத்தது. மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பூசைக்கு முதல்நாளே மெழுகிட்டுவிடுவதால், மறுநாள் ஈரத்துணியில் வந்துவிடுகிறது.

குடியாத்தத்திலிருந்து:

நான் பிறருக்குக் கார் ஓட்டிப் பிழைப்பவன். முதலாளி எட்டு மணிக்கு வண்டி பளிச்சென்று நிற்க வேண்டும் என்பார். இரண்டு வாளி வைத்துக் கழுவ ஓட்டுநருக்கு நேரம் கொடுப்பது யார்? எங்கள் ஊரில் நெசவாகும் லுங்கித் துணி மென்மையானது, அதனால் கீறல் விழாது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். கீறுவது துணி இல்லை, துணிக்கும் தகட்டுக்கும் இடையே மாட்டும் மணல்தான் என்று இங்கே படித்தபின் உலர் துடைப்பை விட்டுவிட்டு, கைத் தெளிப்பானில் தண்ணீரோடு மூடியளவு ஷாம்பு கலந்து தாராளமாகத் தெளித்து, ஒரே திசையில், துணியை மடிப்பு மாற்றி மாற்றித் துடைக்கிறேன். ஐந்து நிமிடம் கூடுதலாகிறது, அவ்வளவுதான். மண் அப்பிய நாளில் அதுவும் செய்வதில்லை. முதலில் தண்ணீர் அடிக்கிறேன்.

கார் உறையைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள்; உறை அடித்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்? ஒரு வாரம் தூசி படிந்த காரின் மேல் உறையைப் போட்டுக் காற்றில் விட்டதில், கண்ணாடியைத் தாங்கும் தண்டின் பக்கத்தில் பெயிண்ட் மங்கிப்போயிற்று. கழுவாத காருக்கு உறை போடாமல் இருப்பதே மேல்.

பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் போய் ஜல்லி தெறித்துப் பானெட்டில் புள்ளி புள்ளியாகப் பெயிண்ட் போயிருந்தால், துருப் பிடிக்கும்முன் டச்-அப் பெயிண்டைத் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் தொட்டு வைக்கலாம். அந்த இடத்தில் மெழுகு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. முன்னதாகத் துடைத்துவிட வேண்டும்.

மீண்டும் சத்துவாச்சாரியிலிருந்து:

குடியாத்தம் நண்பரின் தெளிப்பான் முறையை இந்த வாரம் முழுவதும் செய்து பார்த்தேன். லேசான தூசிக்குத் தாராளமாகப் போதும், என் பனியன் துணி இனி வாசற்படிக்குத்தான். உறையைப் பற்றி அவர் சொன்னதையும் ஏற்கிறேன்.

அந்தத் தேய்ந்த விளிம்பு என்னவாயிற்று என்று தனியே கேட்டவருக்கு: அப்படியே இருக்கிறது. கிளியர் கோட் இல்லாத நிறப்பூச்சை மெழுகு காப்பாற்றிவிடாது என்பது தெரியும். ஓராண்டில் அந்தச் சிவப்பு பக்கத்துச் சிவப்பைவிடச் சற்று வெளுத்தும் விட்டது. எல்லாவற்றையும் துடைத்து முடித்தபின், அந்த இரண்டு விரல் நீளத்துக்கு மட்டும் மெழுகை விரல் நுனியால் தொட்டு வைக்கிறேன். அங்கே துணி படுவதில்லை.