கோவை கோர்ட் நான்-பெயிலபிள் வாரண்ட் (என்.பி.டபிள்யூ.): சென்னையில் பிடித்தால் எங்கே கொண்டுபோவார்கள்?

கேள்வி: செக் பவுன்ஸ் வழக்கு (மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138), கோவை ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சென்னையில் இருக்கிறார். ஜாமீனில் இருந்தவர், இரண்டு வாய்தா வரவில்லை; என்.பி.டபிள்யூ. போட்டாகிவிட்டது. மூன்று மாதத்தில் வாரண்ட் காலாவதியாகிவிடும் என்கிறார்களே, நிஜமா? பிடித்தால் ஜாமீன் உண்டா?

பதில் 1: காலாவதியெல்லாம் கிடையாது. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 72(2), அதாவது பழைய சட்டத்தின் 70(2)-இன்படி, பிறப்பித்த கோர்ட் ரத்து செய்யும்வரை அல்லது நிறைவேற்றும்வரை வாரண்ட் உயிரோடு இருக்கும். இந்தியாவில் எங்கேயும் நிறைவேற்றலாம் (79). வெளியூர் என்பதால் கோவை போலீஸ் சாதாரணமாக உள்ளூர் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியிடம் மேலெழுத்து (வாரண்டின் மேல் ஒப்புதல் குறிப்பு) வாங்கவேண்டும். அதற்குள் ஆள் நழுவிவிடுவார் என்றால் வாங்காமலும் பிடிக்கலாம் (81). வாரண்டில் நீதிபதி கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் இருக்கவேண்டும். காட்டச் சொன்னால் காட்டியே ஆகவேண்டும் (77).

பதில் 2: ஜாமீன் விஷயத்தில்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். 'நான்-பெயிலபிள்' என்பது வாரண்டுக்குத்தான், குற்றத்துக்கு அல்ல. 138 ஜாமீனில் விடக்கூடிய குற்றம். கோவை கோர்ட் 30 கிலோமீட்டருக்குள் இல்லை. ஆகவே சென்னையில் பிடித்தால் கமிஷனர் முன்போ அங்குள்ள நிர்வாக மாஜிஸ்திரேட் முன்போ நிறுத்தவேண்டும் (82). எதிரி ஜாமீன் கொடுக்கத் தயார் என்றால் அவர்கள் வாங்கிக்கொண்டு, பாண்டை (ஜாமீன் பத்திரத்தை) கோவைக்கு அனுப்பவேண்டும் (83). நடைமுறையில் இதைக் கேட்காமல் நேரே ரயிலேற்றிவிடுவார்கள். கூடப் போகும் வக்கீல் 83-ஐ எழுத்தில் கேட்கவேண்டும்.

பதில் 3: பிடிபடும்வரை காத்திருப்பானேன்? 72(2)-இல் ரீகால் மனு (வாரண்டை ரத்து செய்யக் கேட்பது), வராத காரணத்தைச் சொல்லும் அபிடவிட், உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்று. காலை கோர்ட் உட்காரும்போதே எதிரி நேரில் நிற்கவேண்டும். வக்கீலை மட்டும் அனுப்பினால் பெரும்பாலும் தள்ளுபடிதான். பழைய பாண்ட் பறிமுதலாகியிருந்தால் ஜாமீன்தாரருக்கும் நோட்டீஸ் போகும் (491), புது ஜாமீன்தாரர் கேட்பார்கள். சம்மனிலிருந்து பெயிலபிள் வாரண்ட் போடாமலே என்.பி.டபிள்யூ.வுக்குத் தாவியிருந்தால், படிப்படியாகத்தான் போகவேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் இந்தர் மோகன் கோஸ்வாமி (2007) தீர்ப்பைக் காட்டலாம். ஆனால் இங்கே ஜாமீனில் இருந்து வராமல்போனவர், அந்த வாதம் அவ்வளவாக எடுபடாது. அந்த வாய்தா அன்றே, நேரில் வருவதிலிருந்து விலக்கு கேட்டு 355 மனு (பழைய 317) போட்டிருந்தால் இந்த அலைச்சலே வந்திருக்காது.

ரீகால் ஆனதோடு விட்டுவிடாதீர்கள். உத்தரவு ஸ்டேஷனுக்குப் போய்ச்சேராமல், வாரண்ட் பதிவேட்டில் பழைய வரி அப்படியே கிடக்கும். சான்றிட்ட நகல் ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இன்னொன்று எதிரியின் பையில் இருக்கட்டும்.