மகள் தலையை இடது பக்கமே சாய்க்கிறாள்: கழுத்தா, கண்ணா?

உசிலம்பட்டி அப்பா:
மகளுக்கு 6 வயது. உட்காரப் பழகின நாளிலிருந்தே தலையை இடது தோள் பக்கம் சாய்த்துத்தான் பார்ப்பாள். கழுத்துத் தசை இழுத்திருக்கிறது என்று ஓரிடத்தில் சொன்னார்கள். நாலு மாதம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பயிற்சி கொடுத்தோம். தினமும் அழுவாள், ஒன்றும் மாறவில்லை. போன வாரம் அவள் டீச்சர், "தலையை நிமிர்த்தினா வலது கண்ணு மேல ஏறுதுங்க" என்றார். மாறுகண் மூக்குப் பக்கமோ காதுப் பக்கமோ தானே போகும்? மேலேயும் போகுமா?

திருமங்கலம் கண் பரிசோதகர்:
மேலேயும் போகும் அண்ணே. பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டதும் எனக்கு வலது கண்ணின் மேல் சாய்தசைதான் நினைவுக்கு வருகிறது. கண்ணைக் கீழே இறக்குவதும், கண்ணின் மேல்பகுதி மூக்குப் பக்கம் சாயும்படி சுழற்றுவதும் அதன் வேலை. நாலாவது மூளை நரம்பு அதை இயக்குகிறது. பிறவியிலேயே அது பலவீனமாக இருந்தால் வலது கண் மேலே ஏறும். தலையை இடது பக்கம் சாய்த்தால் அந்தத் தசைக்கு வேலை குறைந்து, இரண்டு கண்ணும் ஒன்று சேரும். பிள்ளை ரெண்டாகத் தெரியாமல் இருக்கத் தானாகக் கண்டுபிடித்த வழி அது. தயவுசெய்து அதட்டி நிமிர்த்தாதீர்கள்.

மருத்துவர் மூன்று விஷயம் பார்ப்பார். எந்தக் கண் மேலே இருக்கிறது? அந்த உயரம் இடது பக்கம் பார்க்கும்போது அதிகமாகிறதா, வலது பக்கம் பார்க்கும்போதா? தலையை எந்தத் தோளுக்குச் சாய்த்தால் கூடுகிறது? வலது கண் உயர்ந்து, இடது பார்வையிலும் வலது சாய்விலும் அது கூடினால் அந்தத் தசைதான். எவ்வளவு உயரம் என்பதைக் கண்ணை மாற்றி மாற்றி மூடி, பிரிசம் என்னும் ஒளியை வளைக்கும் கண்ணாடித் துண்டை வைத்து அளப்பார்கள். பழைய போட்டோக்களை மறக்காமல் கொண்டுபோங்கள். சாய்வு எப்போது தொடங்கியது என்பதை அவை காட்டிவிடும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு கண்ணைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். தலை தானாக நேரானால் காரணம் கண். நேராகாவிட்டாலும் கண் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், நாள்பட்டால் கழுத்தும் இறுகியிருக்கும்.

பெரியவர்களுக்குத் திடீரென்று வந்தால் கதை வேறு. பைக்கில் விழுந்து தலையில் அடியா, சர்க்கரையா என்று உடனே பார்க்க வேண்டும்.

மேலூர் அம்மா:
என் பையனுக்கும் இதேதான் தம்பி. விலகல் கொஞ்சமாக இருந்தால் பிரிசம் கண்ணாடியே போதுமாம். இவனுக்கு அதிகம், அதனால் 7 வயதில் ஆபரேஷன். கண்ணைப் பிடுங்கி வெளியே வைத்துச் செய்வார்கள் என்று எங்கள் தெருவில் சொல்லிச் சொல்லியே ஒரு வருசம் தள்ளிவிட்டேன். அப்படி இல்லவே இல்லை. கண்ணை மேலே இழுக்கும் கீழ் சாய்தசையைத் தளர்த்தினார்கள், அவ்வளவுதான். முழு மயக்கம் கொடுத்தார்கள். ரெண்டு வாரம் கண் செம்பருத்தி மாதிரி சிவந்திருந்தது.

உசிலம்பட்டி அப்பா:
இன்று இட்லி சாப்பிடும்போது அவள் அம்மாவின் துப்பட்டாவால் வலது கண்ணைக் கட்டினேன். மூன்றாவது இட்லிக்குள் தலை நேராக நின்றது. நாலு மாதம் அந்தக் கழுத்தை என்ன பாடு படுத்திவிட்டேன். திங்கட்கிழமை மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகள் கண் பிரிவுக்குப் போகிறோம். காது குத்தின போட்டோவில்கூட இடது பக்கம்தான் சாய்ந்திருக்கிறாள். அதையும் எடுத்து வைத்துவிட்டேன்.