வாழைத்தார் போன வழியில் நானும் போனேன்

போய்சி பாண்டி:
அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் வேலை பார்த்தபோது, ஒரு பிப்ரவரியில் ஆபீஸ் நண்பர்கள் என்னை சன் வேலி என்ற பனிச்சறுக்கு ஊருக்கு இழுத்துப் போனார்கள். ஸ்கீயிங் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. பொடிசுகள் பழகும் டாலர் மலைதான் உனக்குச் சரி என்று அங்கே விட்டுவிட்டார்கள். சேர் லிஃப்ட்டில் ஏறினால் பழனி ரோப்கார் மாதிரி பெட்டி எதுவும் கிடையாது, வெறும் நாற்காலி. நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்ததைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் சிரித்தார். "பயப்படாதே தம்பி, வாழைப்பழமே விழாமல் போன ஏற்பாடுதான் இது" என்றார். கிண்டல் என்றுதான் நினைத்தேன்.

ராத்திரி தேடிப் படித்தால் நிஜம். ஜேம்ஸ் கர்ரன், யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் பாலப் பொறியாளர். கப்பலில் வாழைத்தார் ஏற்ற, ஓடும் கம்பிவடத்தில் கொக்கிகளைத் தொங்கவிடும் முறை அவருக்கு ஏற்கெனவே பழக்கம். கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினார், அவ்வளவுதான். 1936 கோடையில் ஒமாஹா நகரில் சோதனை. கொளுத்தும் வெயிலில் பனிக்கு எங்கே போவது? லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி, காலில் ரோலர் ஸ்கேட் மாட்டிய ஆளைப் பின்னாலிருந்து வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்! அந்த டிசம்பரில் டாலர் மலையிலும் ப்ராக்டர் மலையிலும் ஓடியவைதான் உலகின் முதல் சேர் லிஃப்ட்டுகள்.

ரயில்பித்தன்:
பாண்டி அண்ணே, ரயில் கம்பெனிக்கு மலையில் என்ன வேலை என்பதை விட்டுவிட்டீர்களே. பொருளாதார மந்தத்தில் ரயிலில் கூட்டம் குறைந்துபோன காலம் அது. 1932 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் பிறகு அமெரிக்கர்களுக்குப் பனிச்சறுக்கு ஆசை வந்திருந்தது. கம்பெனித் தலைவர் ஆவரல் ஹாரிமன், ஆஸ்திரியப் பிரபு ஃபெலிக்ஸ் ஷாஃப்காட்ஷை வரவழைத்து மலை மலையாக அலையவிட்டார். எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கெட்சம் ஊருக்குப் போகும் கிளை ரயில் பாதையில் பனி அள்ளியே பணம் கரைகிறது என்று புலம்பிய ரயில்வே ஆள் ஒருவர்தான் அந்த ஊரை ஞாபகப்படுத்தினார் என்பார்கள். வெள்ளிச் சுரங்கம் ஓய்ந்து, ஆடு மேய்த்துப் பிழைத்த ஊர். பக்கத்தில் 3,888 ஏக்கர் பண்ணையைச் சுமார் 39,000 டாலருக்கு வாங்கினார்கள். ஏக்கருக்குப் பத்து டாலர்! அங்கே எழுந்ததுதான் சன் வேலி.

விளம்பரத்துக்குப் பிடித்த ஆள் ஸ்டீவ் ஹன்னகன். மயாமி கடற்கரையைப் பிரபலமாக்கியவர், குளிரே ஆகாது. அதனால்தான் பனி ஊருக்கு 'சூரியப் பள்ளத்தாக்கு' என்று பேர். சட்டையில்லாமல் ஸ்கீயில் நிற்கும் ஆளைப் போஸ்டரில் போட்டதும் அவர்தான்.

மேஸ்திரி மகன்:
நான் போனது கோடையில், அதனால் பனி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சன் வேலியில் விருந்தினர் தங்கும் அந்தப் பழைய லாட்ஜின் சுவரை எல்லாரும் மரம் என்றார்கள். தட்டிப் பார்த்தேன், கான்கிரீட்! சொரசொரப்பான பலகையில் சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் ஊற்றியதால் மரத்தின் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது, மேலே சாயம். அந்த அச்சில் ஒரு பிசிறு இல்லை, நம் தொழிலில் இருப்பவர்களுக்கு அருமை தெரியும். போர்க்காலத்தில் இதைக் கடற்படை ஆஸ்பத்திரியாக்கி, 1946-ல்தான் மறுபடி விருந்தினர்களுக்குத் திறந்தார்களாம்.

போய்சி பாண்டி:
மேஸ்திரி, அந்தச் சுவரில் சாய்ந்து காப்பி குடித்தேன், தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை! இன்னொன்று: 1936 டிசம்பர் 21-ல் தடபுடலாகத் திறந்தபோது அங்கே சறுக்கப் பனியே இல்லையாம். நான் போன அன்று வேண்டிய மட்டும் இருந்தது. உச்சியில் நாற்காலி ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நழுவ வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. குப்புற விழுந்தேன், லிஃப்ட்டையே நிறுத்தினார்கள். வாழைத்தாரை இறக்கவாவது ஆள் நின்றிருப்பான்.