வீட்டு வளவுக்கு ஊர் விதையா, கடை விதையா?

தம்பிலுவில் ஆசிரியை:
மாரி விதைப்புக்கு ஆயத்தமாகும் இவ்வேளையில், வீட்டு வளவில் பயிரிடுவோர் ஊர் விதையைக் கைவிடக்கூடாது என்று வலியுறுத்த விரும்புகிறேன். என் அம்மம்மா கொடியிலேயே முற்றவிட்ட பீர்க்கங்காயை அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டித் தொங்கவிட்டு, முதல் மழைக்கு இறக்கி விதைப்பார்; அந்த வழியில் வந்த கொடிதான் இன்றும் என் வேலியில் படர்கிறது. கடையில் வாங்கும் கலப்பினச் செடியில் (இரு வேறு இனங்களைக் கலந்து உருவாக்கியதில்) எடுத்த விதை அடுத்த போகத்தில் தாயைப்போல் வராததால், ஒவ்வொரு முறையும் கடைக்கே போகவேண்டியிருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் எல்லாம் விலை ஏறியபோதும் என் வேலிப் பீர்க்குக்கு ஒரு சதமும் செலவாகவில்லை.

கல்லடி வாசகர்:
அக்கா, என் வளவு கடற்கரை மணல். ஆறு பாத்திக்கு மேல் இடமில்லை. ஊரில் கிடைத்த பழைய தக்காளி விதையை மூன்று போகம் நட்டேன். இலை பச்சையாக இருக்கும்போதே செடி முழுதும் சாய்ந்துவிடும் பற்றீரியா வாடல் நோயில் மூன்று முறையும் இழந்தேன். விவசாயத் திணைக்களத்தின் ‘திலின’ இனம் அந்நோயைத் தாங்கி நின்றது. அது கலப்பினமும் அன்று, விதை எடுத்து வைக்கலாம். பழைய இனங்களைக் குளிரறையில் காப்பதற்கென்றே பேராதனைக்கு அருகே கன்னொறுவயில் ஒரு நிலையம் இயங்குகிறது. அதோடு, பக்கத்து வீட்டில் கலப்பினப் பீர்க்கு நின்றால், உங்கள் விதை அம்மம்மாவுடையதுதான் என்று எவ்வாறு உறுதியாகச் சொல்வீர்கள்?

தம்பிலுவில் ஆசிரியை:
தம்பி, கடைசிக் கேள்வி நியாயமானது. பீர்க்கில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி, பின்னேரத்தில்தான் விரியும். விரியும் முன்பே இரண்டு மொட்டுகளையும் நூலால் கட்டிவைத்து, விரிகிற நேரத்தில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தொட்டு, மீண்டும் கட்டிவிடுகிறேன். அந்தக் காயை அடையாளமிட்டு விதைக்கு விடுகிறேன். பயற்றைக்கு இந்தப் பாடும் இல்லை, பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கருக்கட்டிவிடும். கன்னொறுவயின் பணி பெரியது. ஆயினும் குளிரறையில் உறங்கும் விதை நம் உப்புக்காற்றையும் மாரி வெள்ளத்தையும் காண்பதில்லை. ஆண்டுதோறும் அவற்றில் தப்பிய செடியிலிருந்து எடுக்கும் விதைதான் இந்த மண்ணுக்குப் பழகிக்கொண்டே போகிறது. தக்காளியில் உங்களோடு வாதிடமாட்டேன்.

அக்கரைப்பற்று வாசகர்:
ஆசிரியை அவர்களே, சோளனுக்கு உங்கள் முறை போதாது. அதன் மகரந்தம் காற்றில் போவது. ஓரிரு பொத்தியில் மட்டும் விதை எடுத்தால் சில போகங்களில் செடி குறுகி, மணி குறைந்துவிடும். நாலைந்து வீட்டார் ஒரே இனத்தை ஒரே கிழமையில் விதைத்து, பல செடிகளின் விதையைக் கலந்து பகிர்ந்தால்தான் அந்த இனம் நிலைக்கும். தனி வளவின் பெருமையாக இதைப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கல்லடி வாசகர்:
அப்படியானால் பயற்றை விதையை மட்டும் எனக்குத் தாருங்கள், அக்கா. ஒரு பாத்தி ஒதுக்குகிறேன். தக்காளிப் பாத்தியில் ‘திலின’தான் நிற்கும்.